பேக்கப்பை எந்த அடுக்கில் வைப்பது? எஸ்3 பில்லைக் குறைக்கும் கணக்கு

இணையம் வழியே கோப்புகளைச் சேமித்து வைக்கும் சேவையான அமேசான் எஸ்3-இன் விலைப் பட்டியலைத் திறந்ததும் கண்ணில் படுவது ஒரு ஜிபிக்கு மாதம் எவ்வளவு என்ற எண்தான். வழக்கமான அடுக்கான ஸ்டாண்டர்டு 0.023 டாலர், அடிமட்ட அடுக்கான டீப் ஆர்க்கைவ் 0.00099 டாலர். ஏறக்குறைய 23 மடங்கு வித்தியாசம். பார்த்தவுடன் எல்லா பேக்கப்பையும் அடிமட்டத்துக்குத் தள்ளிவிடக் கை துறுதுறுக்கும். தள்ளிய பிறகு வரும் பில் பல இடங்களில் குறைவதே இல்லை, சில இடங்களில் கூடியும் விடுகிறது. காரணம், அந்த எண் வெறும் இட வாடகை மட்டும். உள்ளே வைக்க ஒரு கட்டணம், வெளியே எடுக்க ஒரு கட்டணம், குறித்த நாளுக்கு முன் அழித்தால் இன்னொரு கட்டணம் என்று தனித்தனியாக இருக்கின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

இந்த வழிகாட்டியில் ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: தினமும் இரவு எடுக்கப்படும் 50 ஜிபி டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கோப்பாக எழுதிய பிரதி). விலைகள் வட வர்ஜீனியா ரீஜனுக்கு (அமேசானின் சர்வர்கள் இருக்கும் பகுதி) உரியவை, வரி சேராதவை. மும்பையில் ஸ்டாண்டர்டு 0.025 டாலர், இணையம் வழியாக வெளியே இறக்க ஜிபிக்கு 0.1093 டாலர் (வட வர்ஜீனியாவில் 0.09). மற்ற அடுக்குகளும் ரீஜனுக்கு ரீஜன் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது, எண்களை மட்டும் உங்கள் ரீஜனின் விலைப் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தாள்

கன்சோலைத் (அமேசானின் நிர்வாகப் பக்கம்) திறப்பதற்கு முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். ஒவ்வொரு பேக்கப்புக்கும் ஒரு வரி. அதில் ஆறு விவரம் போதும்: ஒரு தடவைக்கு எத்தனை ஜிபி, மாதம் எத்தனை தடவை, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், எத்தனை கோப்புகளாகப் போகிறது, கேட்டால் எவ்வளவு நேரத்தில் கைக்கு வர வேண்டும், சோதனைக்காக மாதம் எத்தனை தடவை எடுத்துப் பார்ப்பீர்கள்.

இதில் தடுமாற வைப்பது ‘எத்தனை நாள்’ என்ற கட்டம். கேட்டால் எல்லோரும் “எதற்கும் இருக்கட்டும்” என்பார்கள். அது பதில் இல்லை. கணக்குப் புத்தகங்கள் சம்பந்தப்பட்ட தரவு என்றால் இந்தியாவில் கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 128 முந்தைய எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. மின்னணு முறையில் வைக்கும் கணக்குகளின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், தினமும் எடுக்கப்பட வேண்டும் என்பது கம்பெனி கணக்கு விதிகளில் உண்டு. ‘தினமும்’ என்ற சொல் 2022 திருத்தத்தில் வந்தது. ஆக அந்த வகைத் தரவுக்கு மும்பை அல்லது ஹைதராபாத் ரீஜன்தான், விலை மலிவு என்று அமெரிக்காவில் மட்டும் வைக்க முடியாது. சிஸ்டம் லாக்குகளுக்கு 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு 180 நாள் சொல்கிறது. இப்படிச் சட்டம் சொல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரிடம் ஓர் எண்ணை வாங்கி, அந்த மின்னஞ்சலையும் தாளோடு சேர்த்து வையுங்கள்.

நம் உதாரணத்துக்கு: தினசரி டம்ப் 35 நாள், மாதக் கடைசி டம்ப் 12 மாதம், நிதியாண்டுக் கடைசி டம்ப் 8 ஆண்டு.

அடுக்குகளும் அவற்றின் நிபந்தனைகளும்

ஸ்டாண்டர்டுக்கு நிபந்தனை எதுவும் இல்லை. இன்று போட்டு நாளை அழிக்கலாம், எடுப்புக் கட்டணம் இல்லை (இணையம் வழியே இறக்கும் கட்டணம் வேறு).

ஸ்டாண்டர்டு-ஐஏ (இன்ஃப்ரீக்வென்ட் ஆக்சஸ், அடிக்கடி தொடாத தரவுக்கு) ஜிபிக்கு மாதம் 0.0125 டாலர். எடுக்க ஜிபிக்கு 0.01. குறைந்தது 30 நாள் வாடகை. 128 கேபிக்குக் குறைவான கோப்பும் 128 கேபி என்றே கணக்காகும். ஒன் சோன்-ஐஏ இதையே 0.01-க்குத் தருகிறது, ஆனால் தரவு ஒரே ஒரு அவைலபிலிட்டி சோனில்தான் (ரீஜனுக்குள் தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதி) இருக்கும். அலுவலக நாஸில் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) மூலப் பிரதி இருக்கிறது, இது இரண்டாவது பிரதிதான் என்றால் பரவாயில்லை. ஒரே பேக்கப் இதுதான் என்றால் வேண்டாம்.

கிளேசியர் இன்ஸ்டன்ட் ரெட்ரீவல் 0.004 டாலர். கேட்டவுடன் கிடைக்கும், எடுக்க ஜிபிக்கு 0.03. குறைந்தது 90 நாள். இங்கும் 128 கேபி விதி உண்டு.

கிளேசியர் ஃப்ளெக்சிபிள் ரெட்ரீவல் 0.0036 டாலர், 90 நாள். சாதாரணமாக 3 முதல் 5 மணி நேரம் காத்திருக்க வேண்டும் (ஜிபிக்கு 0.01). மெதுவான, மலிவான பல்க் முறையில் 5 முதல் 12 மணி நேரம், எடுப்புக் கட்டணம் இல்லை.

டீப் ஆர்க்கைவ் 0.00099 டாலர், 180 நாள். சாதாரண முறையில் 12 மணி நேரத்துக்குள் கிடைக்கும், ஜிபிக்கு 0.02. பல்க் என்றால் 48 மணி நேரத்துக்குள், 0.0025.

இன்டெலிஜென்ட்-டியரிங் என்று இன்னொன்று இருக்கிறது. யார் எப்போது தொடுவார்கள் என்று தெரியாத தரவுக்கு அது நல்லது. பேக்கப் அப்படி இல்லை, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று நமக்கே தெரியும். முதல் 30 நாள் அது ஸ்டாண்டர்டு விலையையே வாங்குவதால், 35 நாளில் அழியப்போகும் டம்ப்புக்குக் கிட்டத்தட்ட எந்த லாபமும் இல்லை.

குறைந்தபட்ச நாளைப் பார்த்து மிரள வேண்டாம்

“30 நாளுக்குள் அழிப்பதை ஐஏ-வில் வைக்காதே, 90 நாளுக்குள் அழிப்பதைக் கிளேசியரில் வைக்காதே” என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பாதிதான் உண்மை.

முன்கூட்டி அழித்தால் அபராதம் என்பது மீதி நாள்களின் வாடகைதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆகவே ஒவ்வொரு அடுக்குக்கும் ‘உள்ளே கால் வைத்தாலே ஆகும் செலவு’ என்று ஓர் எண் கிடைக்கிறது. ஐஏ-வுக்கு ஜிபிக்கு 0.0125 டாலர் (ஒரு மாதம்). கிளேசியர் இன்ஸ்டன்ட்டுக்கு 0.012 (மூன்று மாதம்). ஃப்ளெக்சிபிளுக்கு 0.0108. டீப் ஆர்க்கைவுக்கு 0.0059 (ஆறு மாதம்).

இப்போது இதை ஸ்டாண்டர்டின் ஒரு நாள் வாடகையால், அதாவது 0.023-ஐ முப்பதால் வகுத்து வரும் தொகையால், வகுத்துப் பாருங்கள். ஐஏ-வுக்கு 16 நாளுக்குச் சற்று மேல், இன்ஸ்டன்ட்டுக்கு 16 நாள், ஃப்ளெக்சிபிளுக்கு 14 நாளுக்குச் சற்று மேல், டீப் ஆர்க்கைவுக்கு வெறும் 8 நாள். ஸ்டாண்டர்டில் எட்டு நாள் வைத்திருக்கும் காசுக்கு டீப் ஆர்க்கைவில் ஆறு மாதம் இடம் கிடைக்கிறது.

ஆக, 16 நாளுக்கு மேல் வைத்திருக்கப்போகும் பேக்கப்பை, 90 நாள் ஆகாது என்று தெரிந்தே கிளேசியர் இன்ஸ்டன்ட்டில் வைப்பதும் வாடகைக் கணக்கில் லாபம்தான். இரண்டு வாரத்துக்குள் அழிப்பதை ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். லைஃப்சைக்கிள் ரூல் (வயதைப் பார்த்துக் கோப்பைத் தானாக அடுக்கு மாற்றும் அல்லது அழிக்கும் விதி) மூலம் ஐஏ-வுக்கு மாற்ற வேண்டுமானால் கோப்பு முதலில் 30 நாள் ஸ்டாண்டர்டில் இருந்தாக வேண்டும். 35 நாள் டம்ப்புக்கு அது வீண் வேலை. வழி என்னவென்றால், ஏற்றும்போதே ஸ்டோரேஜ் கிளாஸைக் குறிப்பிட்டு நேரடியாக ஐஏ-விலோ இன்ஸ்டன்ட்டிலோ போடுவது. அமேசானின் கமாண்ட் லைன் கருவி, ஆர்குளோன், ரெஸ்டிக் போன்ற காப்பி, பேக்கப் கருவிகள் எல்லாவற்றிலும் இதற்கு ஆப்ஷன் உண்டு. ஆர்குளோன் போன்ற கருவிகளில் இதை ரிமோட்டின் (எந்தச் சேமிப்பிடத்தில் போடுவது என்ற விவரம்) அமைப்பிலேயே எழுதிவிடலாம், ஒவ்வொரு தடவையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

50 ஜிபி டம்ப்பின் முழுக் கணக்கு

தினசரி டம்ப் 35 நாள் என்றால் எந்த நேரத்திலும் 1,750 ஜிபி இருக்கும். எல்லாம் ஸ்டாண்டர்டில் இருந்தால் மாதம் 40.25 டாலர். நேரடியாக ஐஏ-வில் போட்டால் 21.88. இன்ஸ்டன்ட்டில் போட்டால் மாதம் ஏறும் 1,500 ஜிபிக்கும் தலா 90 நாள் வாடகை, அதாவது 0.012 வீதம் 18 டாலர். அபராதத்தோடு சேர்த்தும் இதுதான் மலிவு.

இத்துடன் நிறுத்தினால் கணக்கு முடியவில்லை. வாரம் ஒரு டம்ப்பை எடுத்து ரீஸ்டோர் செய்து பார்க்கும் நல்ல பழக்கம் உங்களிடம் இருந்தால் (இருக்க வேண்டும்), மாதம் 200 ஜிபி வெளியே வருகிறது. இன்ஸ்டன்ட்டில் அதற்கு 6 டாலர், ஐஏ-வில் 2 டாலர். மொத்தம் 24-க்கு 23.9, ஏறக்குறைய சமம். வாரத்துக்கு இரண்டு தடவை சோதித்தால் ஐஏ ஜெயிக்கும், மாதம் ஒரு தடவை என்றால் இன்ஸ்டன்ட். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தரவின் வயதைவிட, நீங்கள் அதை எத்தனை தடவை தொடுவீர்கள் என்பதே முடிவு செய்கிறது. அதனால்தான் தாளில் அந்தக் கட்டம்.

ஏற்றும்போதும் ஒரு சில்லறை ஓட்டை இருக்கிறது. பெரிய கோப்பு மல்டிபார்ட் முறையில் துண்டு துண்டாகப் போகும், ஒவ்வொரு துண்டும் ஒரு கோரிக்கை. அமேசான் கமாண்ட் லைன் கருவியின் வழக்கமான துண்டு 8 எம்பி. 50 ஜிபி என்றால் சுமார் 6,250 துண்டு. இன்ஸ்டன்ட்டில் ஆயிரம் கோரிக்கைக்கு 0.02 டாலர், ஆகவே ஓர் இரவுக்கு 12.5 சென்ட், மாதம் 3.75 டாலர். வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு! துண்டின் அளவை 64 எம்பியாக மாற்றினால் மாதம் அரை டாலருக்குள் அடங்கிவிடும். ஒரு வரி அமைப்பு மாற்றம், அவ்வளவுதான்.

மாத டம்ப்: 12 பிரதி, 600 ஜிபி. இன்ஸ்டன்ட்டில் மாதம் 2.40 டாலர், டீப் ஆர்க்கைவில் 0.59. வித்தியாசம் 1.81 டாலர். மாதம் நூற்றைம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க, பழைய டம்ப் ஒன்று அவசரமாகத் தேவைப்படும் அன்று 12 மணி நேரம் காத்திருப்பதா? எங்கள் கருத்தில் வேண்டாம், இன்ஸ்டன்ட்டிலேயே இருக்கட்டும். இதுவே 60 டிபி என்றால் வித்தியாசம் மாதம் 180 டாலர், அப்போது பதில் வேறு.

ஆண்டு டம்ப்: 8 பிரதி, 400 ஜிபி, டீப் ஆர்க்கைவில் மாதம் 40 சென்ட். தணிக்கைக்கோ வழக்குக்கோ கேட்டால் ஒரு நாள் அவகாசம் கிடைக்கும், யோசிக்க ஒன்றும் இல்லை.

மொத்தத்தையும் ஸ்டாண்டர்டில் வைத்தால் 63 டாலர், இப்படிப் பிரித்தால் சோதனைச் செலவு நீங்கலாகச் சுமார் 21.

மாதக் கடைசி டம்ப்பைத் தினசரி ஃபோல்டரிலிருந்து மாத ஃபோல்டருக்குக் காப்பி செய்யாதீர்கள். கிளேசியர் இன்ஸ்டன்ட்டில் இருப்பதைக் காப்பி செய்தால் அதுவும் எடுப்பதாகவே கணக்காகும், 50 ஜிபிக்கு 1.50 டாலர். அன்றிரவு ஸ்கிரிப்டே டம்ப்பை நேராக மாத ஃபோல்டருக்கும் ஏற்றிவிடட்டும். அல்லது ஏற்றும்போதே ‘மாதம்’ என்று டேக் ஒட்டி, லைஃப்சைக்கிள் ரூலை டேக் வைத்துப் பிரியுங்கள்.

தினமும் அதே பெயரில் எழுதும் பேக்கப்

சில கருவிகள் ‘கடைசி பேக்கப்’ என்ற ஒரே பெயரில் தினமும் மேலெழுதும். எஸ்3-இல் மேலெழுதுவதும் பழையதை அழிப்பதும் கணக்கில் ஒன்றுதான். அந்தக் கோப்பு கிளேசியர் இன்ஸ்டன்ட்டில் இருந்தால் ஒவ்வோர் இரவும் முந்தைய 50 ஜிபியின் மீதி 89 நாள் வாடகை விழும். கையில் இருப்பது ஒரே ஒரு 50 ஜிபி, கட்டுவது மாதம் 18 டாலர். ஸ்டாண்டர்டில் அதே கோப்புக்கு 1.15 டாலர். காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் (அமேசானின் செலவு அலசும் பக்கம்) யூசேஜ் டைப் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ‘ஏர்லி டிலீட்’ என்ற சொல்லோடு ஒரு வரி இருக்கும். எதிர்பாராமல் அந்த வரி பெரிதாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேலெழுதும் ஸ்கிரிப்டைத்தான்.

சின்னக் கோப்புகள் கோடிக்கணக்கில்

ஸ்கேன் செய்த ரசீது, கையெழுத்துப் படம், மின்னஞ்சல் இணைப்பு என்று சராசரி 200 கேபியில் ஒரு கோடி கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 டிபி, ஸ்டாண்டர்டில் மாதம் 46 டாலர். டீப் ஆர்க்கைவில் 2 டாலர்தானே என்று ரூல் போட்டால், மாற்றும் கட்டணம் ஆயிரம் கோப்புக்கு 0.05 வீதம் ஒரே நாளில் 500 டாலர் விழும். அத்தோடு ஃப்ளெக்சிபிள், டீப் ஆர்க்கைவ் இரண்டிலும் ஒவ்வொரு கோப்புக்கும் 40 கேபி கூடுதல் சுமை உண்டு: 32 கேபி அந்த அடுக்கின் விலையில், 8 கேபி ஸ்டாண்டர்டு விலையில். ஒரு கோடிக்கு அது மட்டும் மாதம் 2 டாலருக்கு மேல். போட்ட 500 டாலர் திரும்பி வரவே ஓர் ஆண்டு ஆகும். அதற்குள் அழிக்கப்போகும் தரவு என்றால் முழு நஷ்டம்.

மருந்து எளிது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ‘டார்’ வடிவத்தில், ஒரு ஜிபி அளவுள்ள டார் கோப்புகளாகக் கட்டுங்கள். 2,000 கோப்பு, மாற்றும் செலவு 10 சென்ட். ஆனால் எந்த டாருக்குள் எந்த ரசீது என்ற பட்டியலைத் தனிக் கோப்பாக ஸ்டாண்டர்டில் வைத்தாக வேண்டும். பட்டியல் இல்லாமல் டீப் ஆர்க்கைவில் இருக்கும் இரண்டாயிரம் டார், சாவி தொலைந்த இரண்டாயிரம் பெட்டி. டாரை ஒரு ஜிபிக்கு மேல் ரொம்பப் பெரிதாக்கவும் வேண்டாம், ஒரு ரசீதுக்காக முழு டாரையும் இறக்க வேண்டிவரும்.

2024 செப்டம்பரிலிருந்து புதிதாகப் போடும் அல்லது திருத்தும் லைஃப்சைக்கிள் ரூல்கள், வழக்கமான அமைப்பில் 128 கேபிக்குக் குறைந்த கோப்பை எந்த அடுக்குக்கும் மாற்றுவதில்லை. அதற்கு முன் போட்டு அப்படியே விட்ட ரூல்கள் பழைய முறையிலேயே ஓடும். ‘ரூல் போட்டோம், பாதி கோப்பு நகரவே இல்லை’ என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரெஸ்டிக் போன்ற கருவிகள்

ரெஸ்டிக், கோபியா போன்றவை ஒரே தரவை இரண்டு முறை சேமிப்பதில்லை. தரவைத் துண்டாக்கி, பழைய துண்டுகளையே புதிய ஸ்னாப்ஷாட்டும் (ஒரு தடவை எடுத்த பேக்கப்) பயன்படுத்திக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு முன் ஏறிய துண்டு இன்றைய பேக்கப்பின் அங்கமாக இருக்கலாம். அதனால் ‘90 நாள் ஆனது கிளேசியர் ஃப்ளெக்சிபிளுக்கு’ என்று வயதை வைத்துப் போடும் ரூல் இங்கே செல்லாது. நேற்றைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும்போது நடுவில் சில துண்டுகள் கிடைக்காமல் நின்றுவிடும். வயதை வைத்து அழிக்கும் ரூல் இன்னும் மோசம், ரெப்போவே (கருவி தன் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம்) உடைந்துபோகும். இந்தப் பக்கெட்டில் (எஸ்3-இல் கோப்புகளை வைக்கும் பெட்டி) பழையதை அழிக்கும் வேலையைக் கருவியிடமே விட்டுவிடுங்கள்.

கழிக்கும் வேலையிலும் செலவு ஒளிந்திருக்கிறது. ‘ப்ரூன்’ ஓடும்போது பாதி காலியான துண்டுகளை எடுத்து, மீதியைச் சேர்த்துப் புதிதாக எழுதி, பழையதை அழிக்கும். அதாவது எடுப்புக் கட்டணம், புதிய கோரிக்கை, முன்கூட்டி அழித்த அபராதம் மூன்றும் ஒரே வேலையில். இப்படிப்பட்ட ரெப்போவை ஸ்டாண்டர்டிலோ ஐஏ-விலோ வையுங்கள். ப்ரூனை வாரத்துக்கு ஒன்றாக இல்லாமல் மாதத்துக்கு ஒன்றாக ஓட்டுங்கள், எவ்வளவு வீணிடம் வரை சகிக்கலாம் என்ற அளவையும் சற்றுத் தளர்த்துங்கள். ரெஸ்டிக்கின் துண்டு அளவு வழக்கமாக 16 எம்பி. பெரிய ரெப்போ என்றால் 64 எம்பியாக உயர்த்தலாம், கோரிக்கைகள் குறையும்.

நீண்ட கால ஆண்டுப் பிரதியை மட்டும் இந்த ரெப்போவிலிருந்து பிரித்து, தன்னிறைவான முழு டம்ப்பாக டீப் ஆர்க்கைவில் வைப்பது நல்லது. எட்டு ஆண்டு கழித்து அந்தக் கருவியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ரூல் போடும் வரிசை

1. பக்கெட்டுக்குள் தினசரி, மாதம், ஆண்டு என்று மூன்று ப்ரிஃபிக்ஸ் (ஃபோல்டர் போன்ற பெயர் முன்னொட்டு). ஒரே ஃபோல்டரில் எல்லாம் கலந்திருந்தால் ரூலைப் பிரிக்கவே முடியாது.

2. எஸ்3 கன்சோலில் பக்கெட்டைத் திறந்து மேனேஜ்மென்ட் டேப்பில் ‘கிரியேட் லைஃப்சைக்கிள் ரூல்’. ஒவ்வொரு ப்ரிஃபிக்ஸுக்கும் தனி ரூல். ‘பக்கெட் முழுமைக்கும்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

3. தினசரிக்கு ‘எக்ஸ்பயர் கரண்ட் வெர்ஷன்ஸ்’ 35 நாள். மாதத்துக்கு 366 நாள். ஆண்டுக்கு 8 ஆண்டு முடிந்து சில மாதம் கூடுதலாக, 3,100 நாள் அளவில்.

4. கோப்பின் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங் வசதியைப் போட்டிருந்தால், அந்தப் பழைய பதிப்புகளான ‘நான்கரண்ட் வெர்ஷன்’களை நிரந்தரமாக அழிக்கும் கட்டத்தையும் டிக் செய்து 7 நாள் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் 35 நாளில் ‘அழிந்த’ கோப்பு உண்மையில் அழிவதில்லை. மேலே ‘அழிந்தது’ என்று குறிக்கும் ஒரு டிலீட் மார்க்கர் உட்காரும், அடியில் 50 ஜிபி வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பட்டியலில் கண்ணுக்கும் தெரியாது.

5. முடிவுறாத மல்டிபார்ட் அப்லோடுகளை 7 நாளில் அழிக்க ஒரு ரூல், இதை மட்டும் பக்கெட் முழுமைக்கும். இணைப்பு அறுந்து பாதியில் நின்ற 30 ஜிபி துண்டுகள் சாதாரணப் பட்டியலில் வராது, பில்லில் மட்டும் வரும். புதிய பக்கெட் திறந்ததும் முதல் வேலையாக இதைப் போடுவது நல்லது.

ரூல்கள் தினம் ஒரு முறை ஓடும், நாள் கணக்கு யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவை வைத்து, அதாவது நம் காலை 5.30. போட்டு ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நகரவில்லை என்று மறுபடி மாற்றிக்கொண்டிருக்காமல் இரண்டு நாள் விடுங்கள்.

ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல்) பயத்தில், குறித்த நாள் வரை கோப்பை அழிக்க முடியாமல் பூட்டும் ஆப்ஜெக்ட் லாக் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்ளையன்ஸ் மோடில் பூட்டிய கோப்பை ரூட் கணக்கால்கூட நாள் முடியும் முன் அழிக்க முடியாது. 35 என்று அடிப்பதற்குப் பதில் 3,500 என்று அடித்தால் பத்து ஆண்டு வாடகை உறுதி. முதலில், தனி அனுமதி உள்ளவர் அழிக்க முடிகிற கவர்னன்ஸ் மோடில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

எடுக்கும் நாளில்

டீப் ஆர்க்கைவிலிருந்து ஆண்டு டம்ப்புகள் மொத்தமும், 400 ஜிபி, அலுவலகத்துக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல்க் முறையில் எடுப்புக் கட்டணம் வெறும் 1 டாலர், சாதாரண முறையில் 8. ஆனால் இணையம் வழியே இறக்க, மாதம் இலவசமாகக் கிடைக்கும் 100 ஜிபி போக, 300 ஜிபிக்கு 27 டாலர். சுமைகூலி என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். நேரமும் அப்படியே: 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால்கூட 9 மணி நேரம். சாதாரண முறையின் 12 மணி நேரக் காத்திருப்போடு சேர்த்து 21. மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டிய எண் இந்த 21 தான்.

ரீஸ்டோர் கோரும்போது தற்காலிகப் பிரதி எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று கேட்கும். அந்த நாள்களுக்கு அந்தப் பிரதிக்கு ஸ்டாண்டர்டு வாடகையும், கீழே மூலத்துக்கு வழக்கமான வாடகையும் சேர்ந்து ஓடும். 3 நாள் போதும், 30 என்று போட வேண்டாம். ஒன்று என்று போட்டு, இறக்கி முடிப்பதற்குள் பிரதி மறைந்துபோவதும் நடக்கும்.

வாராந்தரச் சோதனையை அதே ரீஜனில் ஓர் ஈசி2 இயந்திரத்தில் (அமேசானின் வாடகைக் கணினி) செய்யுங்கள். ரீஜனுக்குள் இறக்க டிரான்ஸ்ஃபர் கட்டணம் இல்லை. டேட்டாபேஸில் ஏற்றி, சில டேபிள்களின் வரிகளை எண்ணிப் பார்த்து, இயந்திரத்தை அழித்துவிடலாம்.

எஸ்3 வரியில் வராத எஸ்3 செலவு

டேட்டாபேஸ் சர்வர் பிரைவேட் சப்நெட்டில் (இணையத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத உள் நெட்வொர்க்) இருந்து, பேக்கப் அதன் வெளிவாசலான நாட் கேட்வே வழியாக எஸ்3-க்குப் போகிறது என்றால், அந்த கேட்வே ஒவ்வொரு ஜிபிக்கும் 0.045 டாலர் வாங்கும். மாதம் 1,500 ஜிபிக்கு 67.50 டாலர்! மேலே பார்த்த மொத்த இட வாடகையைப் போல மூன்று மடங்கு. பில்லில் இது ஈசி2 பகுதியில் போய் உட்கார்ந்திருக்கும், எஸ்3 வரியைப் பார்ப்பவர் கண்ணில் படாது. விபிசி-யில் (அமேசானில் உங்களுக்கான தனி நெட்வொர்க்) எஸ்3-க்கு நேர்வழி தரும் ஒரு கேட்வே எண்ட்பாயின்ட் உருவாக்கி, ரூட் டேபிளில் (எந்தத் தரவு எந்த வழியில் என்ற பட்டியல்) இணைத்தால் போதும். அதற்குக் கட்டணம் கிடையாது. அடுக்கு மாற்றுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள், பலருக்கு மொத்தப் பிரச்சினையே இங்கே முடிந்துவிடும்.

அஸூர், கூகுள்

கணக்கு முறை அதேதான், நாள்கள் மாறும். மைக்ரோசாஃப்டின் அஸூரில் கூல் 30, கோல்டு 90, ஆர்க்கைவ் 180 நாள். ஆர்க்கைவிலிருந்து சாதாரண முறையில் எழுப்ப 15 மணி நேரம் வரை ஆகலாம். கூகுளில் நியர்லைன் 30, கோல்ட்லைன் 90, ஆர்க்கைவ் 365 நாள். கூகுள் ஆர்க்கைவின் வசதி, காத்திருக்க வேண்டியதே இல்லை, கேட்டவுடன் கிடைக்கும். பதிலுக்கு எடுக்க ஜிபிக்கு 0.05 டாலர். எட்டு ஆண்டு டம்ப்புக்கு அது நன்றாகப் பொருந்தும், வாரச் சோதனைக்குப் பொருந்தாது.

அடுக்குக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே விலைச் சேவைகள் இருக்கின்றன. பேக்பிளேஸ் பி2, சேமித்திருக்கும் அளவைப் போல மூன்று மடங்கு வரை இலவசமாக இறக்க விடுகிறது. கிளவுட்ஃபிளேர் ஆர்2-வில் வெளியே இறக்கக் கட்டணம் இல்லை. வசாபியின் பயன்பாட்டுக்கேற்ற திட்டத்தில் மட்டும் 90 நாள் குறைந்தபட்சம் உண்டு, 35 நாள் டம்ப்புக்கு அதைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மாற்றிய பிறகு முதல் மாத பில்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்த மாதம் மாற்றும் கட்டணம் விழுந்திருக்கும், பழைய தரவு பாதி ஸ்டாண்டர்டில் இருந்திருக்கும். நான்காம் மாதம் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, யூசேஜ் டைப் வாரியாகப் பிரித்து, தாளில் போட்ட எண்ணோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளி நிற்கும் வரியை மட்டும் தோண்டினால் போதும்.